இலக்கம் ஒன்று வேண்டாம், முன்கதை சொல்ல ஒராள் வேணும்



போன மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வரும் இளம் ஆக்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் புதுப் பெயர், புது லோகோ, புது இன்ஸ்டாகிராம் கணக்கு எல்லாம் போட்டு, ‘முதலாவது சந்திப்பு’ என்று அறிவித்துத் திரும்பத் தொடங்குவம் என்று இரண்டு தோழர்கள் சொன்னார்கள். பழைய கூட்டக் குறிப்புகளும் பழைய மடல்களும் புதிசா வாற ஆக்களைப் பயப்படுத்தும், அதுகளை இணையத்தில இருந்து இறக்கிவிடுவம் என்றும் சொன்னார்கள். முடிவு ஒன்றும் எடுக்கேல்லை. அடுத்த கூட்டத்தில் கதைப்பம் என்று விட்டிருக்கு.

நான் அன்றைக்கு வாய் திறக்கேல்லை. வீட்டை போற பஸ்ஸில் இருக்கேக்கைதான் பிடிபட்டது, இந்தப் படத்தை நான் ஏற்கனவே ஒருக்காப் பார்த்திருக்கிறன் என்று. பார்த்தது அரசியலில இல்லை, ஒரு கொமிக்ஸ் கடையில. உங்களில் பலரை விட எனக்குப் பத்துப் பதினைந்து வயசு கூட. 2011 இல் ஸ்காபரோவில் ஒரு கொமிக்ஸ் கடையில் பகுதிநேர வேலை செய்தனான். ஆகவே இந்த மடலில் பெரும்பகுதி கொமிக்ஸ் பற்றித்தான். கடைசியில் எங்கட வட்டத்துக்கு வாறன், பொறுங்கோ.

52 முதலாம் இதழ்கள்

சூப்பர்மேன் முதன்முதலில் வந்தது 1938 இல், ‘அக்சன் கொமிக்ஸ்’ முதலாம் இதழில். அந்தத் தொடர் நிற்காமல் வந்து 2011 ஆகஸ்டில் 904ஆவது இதழைத் தொட்டிருந்தது. பேட்மேன் வரும் ‘டிடெக்டிவ் கொமிக்ஸ்’ 881 இல் நின்றது. டிசி நிறுவனம் அப்போது ஒரு முடிவு எடுத்தது. 904 என்ற இலக்கத்தைப் பார்த்தால் புது வாசகர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஓடிவிடுவார், ஆகவே எல்லாத்தையும் நிப்பாட்டி ஒன்றிலிருந்து தொடங்குவம் என்பதுதான் அது. ஆகஸ்ட் 31 அன்று ‘ஜஸ்டிஸ் லீக்’ முதலாம் இதழ் வந்தது. செப்டெம்பர் முழுக்க மற்றத் தொடர்கள். மொத்தம் 52 தொடர்கள், 52 முதலாம் இதழ்கள். ‘நியூ 52’ என்று பெயர். இலக்கம் மட்டும் மாறேல்லை, கதையின் வரலாறும் சுருக்கப்பட்டது. அந்த உலகத்தில் வீரர்கள் தோன்றி அஞ்சு வருசம்தான் ஆகுது என்று வைத்துக்கொண்டார்கள்.

புதுக் கொமிக்ஸ் வருவது புதன்கிழமைகளில். அந்த மாதப் புதன்கிழமைகளை நான் மறக்க மாட்டன். கடை வாசலில் வரிசை. “பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு உள்ளுக்கு வாறன்” என்று சிரித்துக்கொண்டு வந்த ஆக்கள். முதலாளிக்கு முகம் எல்லாம் பூரிப்பு. கனவருசமா முன்னுக்கு நின்ற மார்வெலை டிசி அந்தக் கிழமைகளில் விற்பனையில் முந்தியது.

குளிர் வந்தது. வரிசை போனது. 2012 சனவரியில், தொடங்கி அஞ்சு மாதம்கூட முழுசா ஆகாத நேரத்தில், ஆறு தொடர்கள் எட்டாவது இதழோடு நிற்கும் என்று அறிவித்தார்கள். அந்த ஆறில் இரண்டு, கறுப்பின நாயகர்களுடைய தொடர்கள்: ‘ஸ்டாடிக் ஷொக்’, ‘மிஸ்டர் ரெரிபிக்’.

உண்மையில் ஆர் வந்தது என்று டிசி ஒரு கருத்துக்கணிப்பும் எடுத்தது. நீல்சன் நிறுவனம் செய்த அந்தக் கணிப்பில் பதில் சொன்னவர்களில் புது வாசகர்கள் சுமார் 5 வீதம். மிச்சப் பேரில் கூடுதலானோர் ஏற்கனவே வாசிச்சுக்கொண்டிருந்தவர்கள், மற்றவர்கள் ஒருகாலத்தில் வாசித்து விட்டுப்போய்த் திரும்பி வந்தவர்கள். பதில் சொன்னவர்களில் 93 வீதம் ஆண்கள்.

அந்த 5 வீதத்தைக் கொஞ்சம் யோசியுங்கோ. ‘புது வாசகருக்காக’ என்று 70 வருச இலக்கத்தை வெட்டினார்கள். வந்தது பழைய வாசகர்.

விற்றது ஆருக்கு?

அப்படியென்றால் விற்பனை ஏறினது எப்படி? இதற்குக் கொமிக்ஸ் வியாபாரம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விளங்கவேணும்.

சாதாரணப் புத்தகக் கடை விற்காத புத்தகத்தைப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பலாம். கொமிக்ஸ் கடையால் பொதுவாக அது ஏலாது. 1970களில் நியூயோர்க்கில் பில் சூலிங் என்பவர் தொடக்கிவைத்த ஏற்பாடு இது: கடைக்குக் கூடக் கழிவு தருவம், ஆனா விற்காததைத் திருப்பி எடுக்க மாட்டம். பத்திரிகைக் கடைகளில் கொமிக்ஸ் செத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஏற்பாடுதான் தொழிலைக் காப்பாற்றியது. சின்னப் பதிப்பகங்கள் முளைத்ததும் இதால்தான். அதை நான் மறுக்கேல்லை.

ஆனால் இதன் மற்றப் பக்கம் என்னவென்றால், கடை ஓடர் போட்ட உடனேயே பதிப்பகத்துக்கு அது ‘விற்றுப்போச்சு’. வாசகர் ஒருத்தர் அதைக் கையில எடுத்தாரோ இல்லையோ கணக்கில் வித்தியாசம் இல்லை. அதோடு, முதலாம் இதழ் மக்களிடம் எப்படிப் போகுது என்று தெரிய முதலே இரண்டாம், மூன்றாம் இதழ்களுக்குக் கடை ஓடர் போடவேணும். நாங்கள் பேப்பரில் வாசிக்கிற ‘சாதனை விற்பனை’ என்பது பல நேரம் கடைக்காரரின் நம்பிக்கையைத்தான் எண்ணுது.

இதற்குமேல் மாற்று அட்டைகள். ஒரே கதை, வேற வேற முன்னட்டை. கடை 25 பிரதி எடுத்தால் அரிய அட்டை போட்ட பிரதி ஒன்று கிடைக்கும் என்ற மாதிரி ஏற்பாடுகள். அந்த ஒன்றைச் சேகரிப்பாளருக்குக் கூடின விலைக்கு விற்கலாம் என்று கடை 25 எடுக்கும். மிச்சம் பின்னறைப் பெட்டிக்குள்ள போகும். எங்கட கடைப் பின்னறையில் எந்தக் கம்பனி என்று வித்தியாசம் இல்லாமல் அப்படிப் பெட்டிகள் கூரை முட்ட இருந்தன. எண்ணி அடுக்கினது நான்தான்.

இது புதுசும் இல்லை. 1991 இல் ‘எக்ஸ்-மென்’ முதலாம் இதழ் அஞ்சு அட்டைகளோடு வந்து 80 இலட்சத்துக்கு மேல் விற்றது. கின்னஸ் புத்தகத்தில் இன்றைக்கும் அதற்கு இடம் இருக்கு. 80 இலட்சம் வாசகர்களா? இல்லை. ஒராளே அஞ்சு அட்டையையும் வாங்கினார், பிற்காலத்தில் விலை ஏறும் என்று இன்னும் அஞ்சை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். விலை ஏறேல்லை. அந்த அலை உடைந்தபோது ஏராளமான கடைகள் பூட்டுப்பட்டன. 1996 டிசெம்பரில் மார்வெலே வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

தோழர்களுக்கு இந்த அமைப்பு புதுசாத் தெரியாது. இலாபம் மேல போகும், ஆபத்து கீழ இறங்கும். ஊபர் ஓடும் எங்கட அண்ணாமாருக்கு வாகனமும் எரிபொருளும் காப்புறுதியும் அவர்களின் தலையில. மறுதொடக்கமும் அந்த மாதிரித்தான். மேல இருக்கிறவருக்கு ஒரு காலாண்டுக் கணக்கு வடிவா வரும். கீழ இருக்கிறவரின் பின்னறையில் பெட்டி ஏறும்.

துடைக்கப்படுவது ஆர்?

‘புதிய தொடக்கம்’ என்றால் சுத்தமான பலகை மாதிரித் தோன்றும். பலகையைத் துடைக்கேக்கை அதில் இருந்தது எங்கே போகுது?

பாபரா கோர்டன் என்ற பாத்திரம் 1960களில் பேட்கேர்ள். 1988 இல் வந்த ஒரு கதையில் சுடப்பட்டு நடக்க முடியாமல் போனாள். அத்தோடு அவளை மறந்திருக்கலாம். ஆனால் கிம் யேல், ஜோன் ஒஸ்ராண்டர் என்ற இரண்டு எழுத்தாளர்கள் அவளை ‘ஒரக்கிள்’ ஆக்கினார்கள். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு, கணினியும் மூளையும் வைத்து எல்லா வீரர்களுக்கும் வழிகாட்டுகிற பெண். 20 வருசத்துக்கு மேல் அவள் அப்படி இருந்தாள். மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலருக்கு அந்தப் பெரிய உலகத்தில் தங்களைப் போல ஒருத்தி அவள்தான். 2011 மறுதொடக்கத்தில் அவளை நடக்கவைத்துத் திரும்பவும் பேட்கேர்ள் ஆக்கினார்கள். அந்த வாசகர்கள் அப்பவே எழுதினார்கள், கேள்வி கேட்டார்கள். அதே நேரம், 1999 இல் பேட்கேர்ள் ஆன கசண்ட்ரா கெய்ன் என்ற ஆசியப் பின்னணிப் பெண் கனகாலம் காணாமலே போனாள்.

இதில் ஒரு ஒழுங்கு இருக்கு. பலகையைத் துடைத்தால் பேட்மேன் அழிய மாட்டார், சூப்பர்மேன் அழிய மாட்டார். அவர்கள் பலகையின் சட்டம் மாதிரி. அழிவது பிந்தி வந்தவர்கள்: மாற்றுத்திறனாளிகள், கறுப்பினத்தவர், ஆசியர், பெண்கள். ஆராரோ போராடி, கெஞ்சி, உள்ளுக்குக் கொண்டுவந்து சேர்த்த ஆக்கள். ‘புது வாசகருக்காக’ என்று துடைக்கேக்கை புது வாசகரை ஒத்த பாத்திரங்கள்தான் முதலில் போகின்றன.

அதோடு கதை முடியேல்லை. அஞ்சு வருசம் கழித்து, 2016 இல், அதே நிறுவனம் பழைய இலக்கத்துக்கே திரும்பியது. அக்சன் கொமிக்ஸ் 957, டிடெக்டிவ் 934. 2018 ஏப்ரலில் அக்சன் கொமிக்ஸ் 1000ஆவது இதழ் பெரிய கொண்டாட்டத்தோடு வந்தது. ஆக, 904 வாசகரைப் பயப்படுத்தும், ஆனா 1000 வாசகரைக் கூப்பிடும்! இலக்கம் ஒருநாளும் பிரச்சினையாக இருக்கேல்லை. அது விற்பனைக் கருவி. இறக்கினாலும் காசு, ஏற்றினாலும் காசு.

முன்னட்டை இல்லாத மாயாவி

என்னுடைய கதையைக் கொஞ்சம் சொல்லுறன். 90களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்குப் புதுக் கொமிக்ஸ் என்று ஒன்று வந்ததா ஞாபகம் இல்லை. பொருளாதாரத் தடை, மூடிக்கிடந்த பாதை. இருந்தது எல்லாம் முந்தின தலைமுறை வைத்திருந்த முத்து கொமிக்ஸும் லயன் கொமிக்ஸும்தான். சிவகாசியில் இருந்து 1972 இல் முத்து கொமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கினது என்பதெல்லாம் நான் கனடா வந்தபிறகு அறிந்தது. அம்மம்மா வீட்டில் கிடந்த மாயாவிக்கு முன்னட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கம் இல்லை, கடைசிப் பக்கத்தில் பாதி கரையான் தின்றது.

அந்தப் புத்தகத்தை நான் எப்படி வாசித்தேன்? பெரியம்மாவின்ட மகன், எங்களை விட ஏழு வயசு மூத்த அண்ணா, பக்கத்தில் இருந்து இல்லாத பக்கங்களைச் சொல்லுவார். “மாயாவிக்கு ஒரு கை இரும்பு. கரண்ட் பாய்ஞ்சா ஆள் மறைஞ்சிடுவார், கை மட்டும்தான் தெரியும். இப்ப அவர் அந்த வீட்டுக்குள்ள நிக்கிறார். இனி நீ வாசி.” அவ்வளவுதான். ஒன்பதாவது பக்கத்தில் இருந்து நான் ஓடுவன்.

இப்ப யோசிக்கிறன், அண்ணா சொன்னது எல்லாம் சரியோ தெரியாது. அவரும் அந்த முதல் எட்டுப் பக்கத்தைக் கண்டிருக்க மாட்டார். அவருக்கு வேறு ஆரோ சொல்லியிருப்பினம். ஆனா எனக்கு முதலாம் இதழ் தேவைப்படேல்லை. தேவைப்பட்டது பத்து நிமிசம் பக்கத்தில் இருக்க ஒராள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் இதற்கு ஒரு பெயரே இருந்தது: முன்கதைச் சுருக்கம். முப்பதாவது வாரத்தில் வாங்கினவருக்கும் கதவைத் திறந்துவிடும் பத்து வரி.

“கணக்கில்லையோ, மாமா?”

2014 இல் என் அக்காவின் மகளுக்குப் பதினொரு வயசு. அந்த வருசம் ‘மிஸ் மார்வெல்’ முதலாம் இதழ் வந்தது. ஜேர்சி சிற்றியில் வாழும் பாகிஸ்தானியப் பின்னணிப் பிள்ளை கமலா கான். எழுதியது ஜி. வில்லோ வில்சன், வரைந்தது ஏட்ரியன் அல்போனா, தொகுப்பாசிரியர்களில் ஒருவர் சனா அமனாத். பார்ட்டிக்குப் போக வீட்டில் விட மாட்டினம், பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டைப் பார்த்து முகஞ்சுளிப்பினம், பொன்னிறத் தலைமயிர் இருந்தால் எல்லாம் சரியாகும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. மருமகளுக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவை வரேல்லை. முதல் தொகுப்புக்கு 2015 இல் ஹியூகோ விருதும் கிடைத்தது.

மாதம் ஒன்றாக 19 இதழ் வாசித்தாள். 2015 இல் மார்வெலும் தன் பெரிய மறுதொடக்கத்துக்குள் போனது. 19ஆவது இதழுக்கு அடுத்தது 20 இல்லை, திரும்பவும் 1. எழுதுபவர் அதே ஆள், கமலா அதே கமலா. மருமகள் இரண்டு புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்ப நான் இவ்வளவு நாளும் வாசிச்சது கணக்கில்லையோ, மாமா?”

என்னிடம் பதில் இல்லை. அந்த வருசம் ‘ஸ்குயிரல் கேர்ள்’ என்ற தொடருக்கு ஒரே வருசத்தில் இரண்டு முதலாம் இதழ்கள் வந்தன. இந்த வருசத்தில் இது எங்களின் இரண்டாவது முதலாம் இதழ்தான் என்று அட்டையிலேயே பகிடி விட்டிருந்தார்கள். பகிடி நல்ல பகிடிதான். ஆனா புதிசா வந்த பிள்ளை ஒன்றுக்கு அது பகிடி இல்லை. இரண்டு வருசத்துக்கு முதல் வந்தவள் அவள். அவளைத்தான் தேடி அலைந்தார்கள். வந்த பிறகு, அடுத்த புது ஆளைத் தேடி அவளைத் தாண்டிப் போனார்கள்.

வீட்டை இடிக்காமல் இன்னொரு வாசல்

மறுதொடக்கம் எல்லாமே மோசடி என்று நான் சொல்ல வரேல்லை. நல்ல உதாரணங்கள் இருக்கு. 2000 இல் மார்வெல் தொடங்கிய ‘அல்டிமேற் ஸ்பைடர்மேன்’ ஒரு தலைமுறையையே உள்ளுக்குக் கொண்டுவந்தது. 2024 ஒக்ரோபரில் டிசி தொடங்கிய ‘அப்சலூட் பேட்மேன்’ திரும்பத் திரும்ப அச்சாகியது. ஸ்கொட் ஸ்னைடர் எழுத, நிக் ட்ரகோட்டா வரைந்த அதில் புரூஸ் வெய்ன் கோடீஸ்வரன் இல்லை. மாளிகை இல்லை, வேலைக்காரர் இல்லை. தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார். காசு இல்லாத பேட்மேன் என்றால் என்ன என்ற உண்மையான கேள்வி ஒன்று அதற்குள் இருக்கு.

இரண்டிலும் கவனிக்கவேண்டியது ஒன்று. பழைய தொடர் நிற்கேல்லை. பழைய ஸ்பைடர்மேனும் பழைய பேட்மேனும் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கமலா வந்தபோதும் கப்டன் மார்வெலை ஆரும் அழிக்கேல்லை, அவளின் சுவரில் படமாகத் தொங்கினா. வீட்டை இடிக்காமல் இன்னொரு வாசல் வெட்டினார்கள். வாசல் வெட்ட ஒரு காரணமும் இருந்தது.

இலக்கத்தைத் தொடாமலே வாசகரைச் சேர்த்தவர்களும் இருக்கினம். ‘வன் பீஸ்’ 1997 இலிருந்து வருது, 2021 இல் நூறாவது தொகுதி வந்தது. ஒருநாளும் ஒன்றுக்குத் திரும்பேல்லை. ஆனால் முதல் தொகுதி எப்பவும் கடையில் இருக்கும், நூலகத்தில் இருக்கும். 2025 இல் இந்தோனேசியாவிலும் நேபாளத்திலும் தெருவில் இறங்கிய இளம் ஆக்கள் அந்த வைக்கோல் தொப்பி மண்டையோட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் பலர் தொடர் தொடங்கேக்கை பிறந்தே இருக்கேல்லை. அவர்களை ஆரும் மறுதொடக்கம் போட்டுக் கூப்பிடேல்லை.

எங்கட பக்கத்து உதாரணம் ஒன்றும் சொல்லுறன். 1957 இல் அமெரிக்காவில் ‘மார்ட்டின் லூதர் கிங்கும் மொன்ட்கொமரிக் கதையும்’ என்று பத்துச் சத கொமிக்ஸ் ஒன்று வந்தது. சமாதான இயக்கம் ஒன்று வெளியிட்டது. பஸ் புறக்கணிப்பை எப்படி நடத்தினார்கள் என்று படமும் கதையுமாகச் சொல்லும் மெல்லிய புத்தகம். அது தேவாலயங்கள், பள்ளிகள், இயக்கக் கூட்டங்கள் வழியாகக் கைமாறியது. ஜோன் லூயிஸ் இளவயதில் வாசித்தது அதை. அரை நூற்றாண்டு கழித்து அது அரபியில் மொழிபெயர்க்கப்பட்டு எகிப்தில் கைமாறியது. பிறகு லூயிஸ் தானே ‘மார்ச்’ என்ற கொமிக்ஸ் முத்தொகுதியை இரண்டு பேரோடு சேர்ந்து உருவாக்கினார். மூன்றாவது தொகுதி 2016 இல் தேசியப் புத்தக விருது பெற்றது. அந்தப் பத்துச் சதப் புத்தகத்துக்கு மாற்று அட்டை இல்லை. அதைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்க ஆக்கள் இருந்தார்கள்.

கடைக்குள் நின்ற நாங்கள்

இனி, சொல்ல வெட்கமான ஒன்று.

2011 இன் அந்தக் கூட்டம் நிறைந்த புதன்கிழமைகளில் ஒன்றில் பதினைந்து வயசு மதிக்கத்தக்க பிள்ளை ஒன்று தனியா வந்தது. பேட்கேர்ள் இருக்கோ, எங்கே தொடங்குறது என்று கேட்டது. நான் வாய் திறக்க முதல், கவுண்டரில் சாய்ந்துகொண்டு நின்ற வழமையான வாடிக்கையாளர் இரண்டு பேர் தொடங்கிவிட்டார்கள். எந்தப் பேட்கேர்ள்? பாபராவா, கசண்ட்ராவா, ஸ்டெபனியா? ஒரக்கிள் ஆரென்று தெரியாதோ? அப்ப எதுக்கு வாங்குறாய்? பகிடியாத்தான் கேட்டார்கள். பிள்ளை சிரித்துக்கொண்டு நின்று, ஒன்றும் வாங்காமல் போய்விட்டது. பிறகு நான் அந்தப் பிள்ளையைக் கண்டதே இல்லை. முதலாம் இதழ் அலுமாரியில், கைக்கெட்டின தூரத்தில்தான் இருந்தது.

904 என்ற இலக்கம் அந்தப் பிள்ளையை விரட்டேல்லை. கடைக்குள் நின்ற ஆக்கள்தான் விரட்டினவை. அதைப் பார்த்துக்கொண்டு, வாடிக்கையாளரைப் பகைக்கக்கூடாது என்று பேசாமல் நின்ற நானும்தான். இலக்கத்தை மாற்றுவது லேசு. கவுண்டரில் சாய்ந்து நிற்கிறவரை மாற்றுவது கஷ்டம். அதால்தான் எல்லாரும் இலக்கத்தை மாற்றுகினம்.

இப்ப எங்கட வட்டத்துக்கு வாறன்.

மறுதொடக்கம் கேட்ட இரண்டு தோழர்களும் கண்ட பிரச்சினை உண்மையானது. அதை நான் குறைக்கேல்லை. மாசி மாதச் சந்திப்புக்கு ஒரு தங்கச்சி முதல் தடவை வந்தா. அன்றைக்கு நாங்கள் மூன்று மணித்தியாலம் சுருக்கப் பெயர்களில்தான் கதைத்தோம். 80களின் பிளவுகள், ஆர் எந்தப் பக்கம் நின்றது, 2009 இல் இங்கே தெருவில் நின்ற கதை, அதற்குள் எங்களுக்கு மட்டும் விளங்கும் பகிடிகள். அவ ஒருக்கா, “அது ஆர்?” என்று கேட்டா. நான் “பிறகு சொல்லுறன்” என்றேன். சொல்லேல்லை. அவ திரும்ப வரேல்லை. அந்தக் கவுண்டரில் இந்த முறை சாய்ந்து நின்றது நான்.

புதுப் பெயர் போட்டிருந்தால் அவ தங்கியிருப்பாவோ? ‘முதலாவது சந்திப்பு’ என்று போட்டாலும் உள்ளுக்கு இருக்கப்போவது அதே நாங்கள், கதைக்கப்போவது அதே சுருக்கப் பெயர்கள். முதல் மாதம் கூட்டம் சேரும். படம் எடுத்துப் போடுவம். ஆறாம் மாதம் என்ன? அப்ப இன்னொரு லோகோவோ?

பழைய மடல்களை இறக்குவது பற்றியும் ஒன்று. எங்கட ஆவணங்களில் எல்லாம் பெருமைப்பட இருக்கு என்று இல்லை. நாங்கள் பிழை விட்ட இடங்கள் இருக்கு, பெண் தோழர்கள் எழுதிக் கேட்ட கேள்விகள் இருக்கு, சாதி பற்றி நடந்த, பாதியில் நின்ற விவாதம் ஒன்றும் இருக்கு. பலகையைத் துடைத்தால் எங்கட ‘பேட்மேன்’கள் அழிய மாட்டினம், அவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அழியப்போவது பிந்தி வந்து கஷ்டப்பட்டு எழுதப்பட்ட அந்தக் கேள்விகள்தான். புதிசா வாற பிள்ளை அதே கேள்வியை முதல் ஆளாக, தனிய, திரும்பக் கேட்கவேண்டி வரும்.

என் யோசனை இதுதான். வாற சந்திப்பு 61ஆவது. அது 61 ஆகவே இருக்கட்டும். அதோடு மூன்று வேலை செய்வம்.

ஒன்று, ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பக்க முன்கதைச் சுருக்கம். தமிழிலும் ஆங்கிலத்திலும். அதில் வரும் சுருக்கப் பெயர் ஒவ்வொன்றும் விரித்து எழுதப்படவேணும். முதல் ஆறு மாதத்துக்கு நான் எழுதுறன்.

இரண்டு, புதிசா வாற ஒவ்வொராளுக்கும் பக்கத்தில் ஒராள். விளம்பரக் குழு இல்லை, ஒராள். “அது ஆர்?” என்று கேட்டால் அந்த இடத்திலேயே சொல்லுகிற ஆள். எட்டுப் பக்கம் இல்லாத புத்தகத்தை என்னை வாசிக்கவைத்த அண்ணா மாதிரி.

மூன்று, வாசல் வெட்டுவம். இளம் தோழர்கள் வேறு விதமாக ஒரு வட்டம் தொடங்க விரும்பினால், அது கொமிக்ஸாக இருக்கட்டும், படமாக இருக்கட்டும், அதற்கு அவர்கள் வைக்கும் பெயரும் இலக்கமும் அவர்களுடையது. இடமும் காசும் நாங்கள் பார்ப்பம். ஆனா வீட்டை இடிக்கத் தேவையில்லை. எந்த நேரமும் இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய மாதிரி இருக்கட்டும்.

முதல் நாள் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதை விட்டிட்டு, ஆறாம் மாதம் ஆர் இன்னும் இருக்கினம், ஆர் கதைக்கினம் என்று எண்ணிப் பார்ப்பம்.

என்னுடைய மருமகளுக்கு இப்ப இருபதுகள். கமலாவின் அந்த 19 இதழும் இன்னும் அவளின் அலுமாரியில் ஒழுங்காக இருக்கு. போன மாதம் அவளின் சிநேகிதியின் தங்கச்சி ஒன்று அதை இரவல் கேட்டு வந்ததாம். நாலாவது இதழைக் காணேல்லை. “பரவாயில்லை மாமா, நாலில என்ன நடந்தது எண்டு நான் சொல்லிக் குடுத்திட்டன்” என்றாள்.

அடுத்த கூட்டத்தில் நான் வாய் திறப்பன். மாற்றுக் கருத்து இருக்கிற தோழர்கள் அதற்கு முதலே இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ, வாற இதழில் அப்படியே போடுவம். மாசி மாதம் வந்த தங்கச்சி இன்னும் இந்தப் பட்டியலில் இருந்தால்: மன்னிச்சுக்கொள்ளுங்கோ. 61க்கு வாங்கோ. அன்றைக்கு விட்ட முன்கதையை முதலில் சொல்லுறன்.

தோழமையுடன்.